கண்ணாடி மந்திரி கோல்பேர்

காங்கேயம் பக்கத்தில் கல்யாணம் என்றால் சீர் வண்டி வரும். கட்டில் இறங்கும். அண்டா இறங்கும். குத்துவிளக்கு இறங்கும். கடைசியில் பீரோ இறங்கும். பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. நாலு பேர் பிடித்து இறக்கும்போது பெண்ணின் தாய்மாமன் பதறுவார். வேறு எது இடித்தாலும் பரவாயில்லை, கண்ணாடியில் கீறல் விழக்கூடாது!

இறக்கி வைத்த மறு நிமிடமே குழந்தைகள் அதன் முன்னே கூடிவிடும். நாக்கை நீட்டும், முகத்தைக் கோணும், சிரிக்கும்.

இன்று இது சாதாரணக் காட்சி. 350 ஆண்டுகளுக்கு முன்பு, இவ்வளவு பெரிய கண்ணாடி எந்த மன்னரிடமும் கிடையாது. அதில் பாதி அளவு உள்ள கண்ணாடியைச் சுவரில் மாட்டுவதற்கே, பெரிய பிரபுவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கண்ணாடியைச் செய்யும் வித்தையை ஐரோப்பாவில் ஒரு சின்னத் தீவுக்காரர்கள் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள்.

அந்த வித்தையைத் தன் நாட்டுக்குக் கொண்டு வந்தே தீருவது என்று ஒரு மந்திரி கிளம்பினார். அவர் பெயர் ழான் பத்தீஸ்த் கோல்பேர். பிரான்சு நாட்டின் நிதி மந்திரி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்களே, அவர்களை அனுப்பிய கம்பெனியைத் தொடங்கியவரும் இவர்தான்.

ஜவுளி வியாபாரி வீட்டுப் பிள்ளை

கோல்பேர் 1619ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ந் தேதி, ரேம்ஸ் என்ற ஊரில் பிறந்தார். துணி வியாபாரம் செய்த குடும்பம். பிரபு வம்சம் அல்ல.

சிறு வயதிலேயே கணக்கு வேலைக்குப் போனார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று பைசா பிசகாமல் எழுதுவார். அந்தத் திறமை, மசாரன் என்பவரின் கண்ணில் பட்டது. மசாரன்தான் அப்போது பிரான்சின் முதல் மந்திரி. தம்முடைய சொந்தச் சொத்துகளைக் கவனிக்கும் பொறுப்பை அவர் கோல்பேரிடம் ஒப்படைத்தார். சொத்து பெருகியது.

1661ஆம் ஆண்டு மசாரன் இறந்தார். சாகுமுன், இந்த மனிதரைக் கைவிட வேண்டாம் என்று மன்னரிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னர் 14ஆம் லூயி. அவருக்கு அப்போது வயது 22. கோல்பேருக்கு 41.

கோல்பேர் சிரித்துப் பேச மாட்டார். கறுப்பு உடை உடுத்துவார். கையில் எப்போதும் காகிதக் கட்டு. விடியும் முன்பே மேஜைக்கு வந்துவிடுவார். பாரிசில் இருந்த ஒரு சீமாட்டி, அவருக்கு வடதிசை என்று பட்டப்பெயர் வைத்தார். வடக்கேயிருந்து குளிர்காற்று வீசும் அல்லவா? அவரிடம் போனால் அப்படித்தான் இருக்குமாம்!

விருந்தில் வந்த வினை

அப்போது நிதி நிர்வாகம் ஃபூக்கே என்பவர் கையில் இருந்தது. பெரிய ரசிகர். தாராளமானவர். பாரிசுக்கு வெளியே ஒரு மாளிகை கட்டினார். நாட்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞர், ஓவியர், தோட்டக் கலைஞர் மூவரையும் அதில் வேலைக்கு வைத்தார்.

1661 ஆகஸ்டு 17ந் தேதி, அந்த மாளிகையில் மன்னருக்கு விருந்து. நாடகம், வாணவேடிக்கை, நீரூற்று! மன்னரிடம்கூட அப்படி ஒரு மாளிகை இல்லை. லூயியின் மனம் எரிந்தது. சர்க்கார் பணம்தான் இப்படி வாணமாகப் போகிறது என்று கோல்பேர் ஏற்கனவே கணக்குக் காட்டியிருந்தார்.

மூன்று வாரத்துக்குள் ஃபூக்கே கைதானார். வழக்கு மூன்று ஆண்டு நடந்தது. நாடு கடத்தும்படி நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மன்னருக்கு அது போதவில்லை. அதை ஆயுள் சிறையாக மாற்றினார். ஃபூக்கே சிறையிலேயே செத்தார்.

இதில் கோல்பேருக்கும் பங்கு உண்டு. எதிரியைத் தொலைக்க அவர் தயங்கவில்லை. ஃபூக்கே குற்றவாளிதான் என்றாலும், விசாரணை நேர்மையாக நடந்தது என்று சொல்ல முடியாது.

ஃபூக்கேயிடம் வேலை பார்த்த மூன்று கலைஞர்களையும் மன்னர் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அவர்களை வைத்து வெர்சேல்ஸ் என்ற இடத்தில் அரண்மனை கட்டத் தொடங்கினார். அதற்குப் பணம் தேடவேண்டிய வேலை கோல்பேர் தலையில் விழுந்தது.

கடல் தாண்டிப் போன பணம்

கோல்பேர் கஜானாக் கணக்கைப் பார்த்தார். மக்கள் கட்டும் வரியில் பாதிக்கு மேல் கஜானாவுக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே பலர் தின்றுவிட்டார்கள். அவர்களைப் பிடித்து வாங்கினார்.

பிறகு, நாட்டுப் பணம் வெளிநாட்டுக்குப் போகும் வழிகளைப் பார்த்தார். பட்டு, பின்னல் துணி, கம்பளம் எல்லாம் வெளியே இருந்து வந்தன. கண்ணாடி வெனிஸ் நகரத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பிரபுக்களுக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்திருந்தது. நிலத்தை விற்றுக் கண்ணாடி வாங்கியவர்களும் உண்டு.

வாங்குவதை நிறுத்தும்படி பிரபுக்களிடம் சொன்னால் கேட்பார்களா? மன்னரே வாங்குகிறாரே! ஆகவே கண்ணாடியைப் பிரான்சிலேயே செய்துவிடுவது என்று கோல்பேர் முடிவு செய்தார்.

இது அவ்வளவு சுலபம் அல்ல.

வெனிஸ் நகரத்தை அடுத்து மூரானோ என்று ஒரு தீவு. கண்ணாடி வேலைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே ராஜ மரியாதை. அதே சமயம் அவர்கள் கைதிகள் போலவும் இருந்தார்கள். தொழில் ரகசியத்தோடு வெளிநாட்டுக்கு ஓடினால், ராஜத் துரோகம். குடும்பத்தைப் பிடித்துச் சிறையில் அடைப்பார்கள். அதற்கும் திரும்பி வராவிட்டால், ஆள் அனுப்பிக் கொல்லவும் தயங்க மாட்டார்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக

வெனிசில் இருந்த பிரெஞ்சுத் தூதருக்குக் கோல்பேரின் உத்தரவு போயிற்று. எப்படியாவது ஆட்களை அனுப்பு! தூதர் நடுங்கினார். கண்ணாடிக்காரர்களை அழைப்பவனைக் கடலில் தள்ளிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ரகசியமாக ஆள் பிடித்தார்.

1665ஆம் ஆண்டு, சில தொழிலாளிகள் தீவை விட்டுக் கிளம்பிப் பாரிசுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அரசாங்கக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு மன்னர் பட்டயம் கொடுத்தார்.

தொழிலாளிகளுக்குக் கொழுத்த சம்பளம். 1666ஆம் ஆண்டு மன்னரே தொழிற்சாலைக்கு வந்து பார்த்துவிட்டு, பரிசுப் பணம் கொடுத்துப் போனார். ஆனால் ஒரு சங்கடம். அவர்கள் கண்ணாடி செய்வார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித் தந்துவிட்டால், அப்புறம் தங்களுக்கு என்ன மதிப்பு? யாராவது பக்கத்தில் வந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

வெனிஸ் சும்மா இருக்குமா? பாரிசில் இருந்த வெனிஸ் தூதர் அவர்களை மிரட்டினார், கெஞ்சினார். திரும்பினால் மன்னிப்பு என்றார்.

1667ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்தத் தொழிலாளிகளில் கைதேர்ந்த இருவர் சில நாள் இடைவெளியில் செத்துப் போனார்கள். திடீர்ச் சாவு. விஷம் என்று ஊர் பேசியது. கடைசி வரை எதுவும் ருசுவாகவில்லை. மற்றவர்களுக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டு, பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எஜமானுக்கும் எஜமானுக்கும் நடந்த சண்டையில் சிக்கிய கூலிக்காரர்கள். செத்த இருவருக்கு எந்த நாட்டிலும் சிலை இல்லை.

கோல்பேரின் திட்டம் கவிழ்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் ஒரு செய்தி கிடைத்தது. நார்மண்டிப் பகுதியில், செர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தூர்லாவில் என்று ஒரு கிராமம். அங்கே லூக்கா த நெஊ என்பவர் கண்ணாடிச் சூளை வைத்திருந்தார். வெனிஸ்காரர் செய்வதற்கு ஏறக்குறைய சமமாக அவரும் செய்து வந்தார்! உலகம் முழுவதும் தேடிய வித்தை, சொந்த நாட்டுக் கிராமத்திலேயே இருந்தது. கோல்பேர் அந்தச் சூளையைப் பாரிஸ் தொழிற்சாலையோடு இணைத்தார். கிராமத்தில் கண்ணாடியை ஊதினார்கள். பாரிசுக்குக் கொண்டுவந்து தேய்த்து மெருகு ஏற்றினார்கள்.

1672ஆம் ஆண்டு, வெனிஸ் கண்ணாடி இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார் கோல்பேர்.

ரசம் வந்த கதை

அந்தக் காலத்துக் கண்ணாடியை எப்படிச் செய்தார்கள்?

மணலையும் சாம்பல் உப்பையும் சூளையில் உருக்குவார்கள். இரும்புக் குழாயின் நுனியில் அந்தக் குழம்பை எடுத்து ஊதுவார்கள். அது நீண்ட உருளையாக வரும். உருளையை நெடுக வெட்டி, சூட்டோடு விரித்துத் தட்டையாக்குவார்கள். மனிதன் வாயால் ஊதுவது ஆயிற்றே, அதனால் ஒரு அளவுக்கு மேல் பெரிதாக வராது. பிறகு மணலும் தண்ணீரும் போட்டு, நாள் கணக்கில் தேய்ப்பார்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வெள்ளீயத்தைக் காகிதம் போல மெல்லிய தகடாக அடித்து, மேஜையில் விரிப்பார்கள். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறார்களே, அதே ஈயம்தான். அதன் மேல் பாதரசத்தை ஊற்றுவார்கள். அந்த ரசத்தின் மேல் கண்ணாடியை மெல்லத் தள்ளி, பாரம் ஏற்றி வைப்பார்கள். மிச்ச ரசம் வாரக் கணக்கில் வடியும். ஈயமும் ரசமும் சேர்ந்து கண்ணாடியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். முகம் தெரியும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடி மங்கினால் ரசம் போய்விட்டது என்பார்கள். பாதரசத்தை விட்டு வெகு காலம் ஆகிறது. இப்போது பூசுவது வெள்ளி அல்லது அலுமினியம். ஆனாலும் பேச்சில் ரசம் நிற்கிறது!

பாதரசத்தின் ஆவி விஷம். அந்த வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கும். பல் விழும். சித்தம் கலங்கும். சீமாட்டி முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேரின் ஆயுள் இருந்தது.

முழம் பிசகினால் தண்டனை

கோல்பேர் கண்ணாடியோடு நிற்கவில்லை. கம்பளம், பட்டு, பின்னல் துணி, கப்பல், கால்வாய், விஞ்ஞானக் கழகம் என்று எதையும் விடவில்லை.

நம் சென்னிமலை நெசவாளர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். துணி இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று 1669ஆம் ஆண்டு சட்டம் போட்டார். பிசகான துணியைக் கம்பத்தில் கட்டி, செய்தவர் பெயரையும் எழுதித் தொங்கவிட வேண்டும். மூன்றாம் முறையும் பிசகினால், துணியோடு ஆளையும் கம்பத்தில் கட்டிவிடுவார்கள்! இதனால் பிரெஞ்சுத் துணிக்கு நல்ல பெயர் வந்தது. நெசவாளர்களோ வயிறெரிந்தார்கள்.

1664ஆம் ஆண்டு அவர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியை நாம் மறக்க முடியாது. பணம் போட வியாபாரிகள் முன்வரவில்லை. அதிகாரிகளை நெருக்கிப் பங்கு வாங்க வைத்தார். 1668ஆம் ஆண்டு சூரத்தில் கடை திறந்தது. 1673ஆம் ஆண்டு, வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்டு வந்த ஷேர்கான் லோடி, கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு கிராமத்தைக் கொடுத்தார். அதுதான் புதுச்சேரி. தமிழ்நாட்டு நெசவுத் துணிதான் அவர்களுக்கு வேண்டியது. கோல்பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது இல்லை.

நல்லதை மட்டும் சொன்னால் போதாது. கரீபியன் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அந்த அடிமைகளுக்கான கொடுமையான சட்டத்தைத் தயாரிக்கச் சொன்னவரும் கோல்பேரே. அது அவர் இறந்த பிறகு 1685ஆம் ஆண்டு வெளிவந்தது.

17 வளைவு, 357 கண்ணாடி

கஜானா நிரம்புவதும் மன்னர் போருக்குப் போவதும் ஒன்றாக நடந்தன. 1672ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் மேல் படையெடுத்தார் லூயி. போர் ஆறு ஆண்டு நீடித்தது. கோல்பேர் சேர்த்தது எல்லாம் கரைந்தது. புதுப் புது வரி போட வேண்டி வந்தது. முத்திரைத்தாளுக்கு வரி, புகையிலைக்கு வரி! 1675ஆம் ஆண்டு பிரிட்டனி மாகாணத்துக் குடியானவர்கள் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். பட்டாளம் போய் அவர்களை அடக்கியது. பலர் தூக்கில் தொங்கினார்கள்.

போர் முடிந்த 1678ஆம் ஆண்டு, வெர்சேல்சில் ஒரு பெரிய கூடத்துக்கு வேலை ஆரம்பமாயிற்று. நீளம் 73 மீட்டர். ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த 17 சன்னல்கள். எதிர்ச் சுவரில் சன்னலுக்குச் சன்னல் ஒரு கண்ணாடி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் 21 கண்ணாடிகள். மொத்தம் 357. பெரிய கண்ணாடி ஊத முடியாததால், சிறிய கண்ணாடிகளை அடுக்கி வைத்தார்கள். அத்தனையும் கோல்பேரின் தொழிற்சாலையில் செய்தவை.

வெளிநாட்டுத் தூதர்கள் வந்து பார்த்து வாய் பிளக்க வேண்டும். இதுதான் திட்டம். வெனிஸ் தூதரும் அவர்களில் ஒருவர் அல்லவா!

ஆனால் செலவைக் கண்டு கோல்பேருக்கு வயிறு கலங்கியது. மன்னருக்கோ அவர்மேல் சலிப்பு வந்துவிட்டது. கட்டடச் செலவைப் பற்றி மன்னர் கடிந்துகொண்டதாகவும், அதனால் கோல்பேர் மனம் உடைந்ததாகவும் சொல்வார்கள். 22 ஆண்டு உழைத்த உடம்பு படுத்துவிட்டது. சிறுநீரகத்தில் கல். படுக்கையில் இருந்தபோது மன்னரிடமிருந்து கடிதம் வந்ததாம். அதைப் படிக்கக்கூட அவர் விரும்பவில்லையாம்.

1683ஆம் ஆண்டு செப்டம்பர் 6ந் தேதி கோல்பேர் இறந்தார். வயது 64.

பாரிஸ் மக்கள் அழவில்லை. வரி போட்டவன் தொலைந்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். பகலில் சவத்தை எடுத்துப் போனால் கல்லெறிவார்களோ என்று பயம். ஆகவே இரவில், காவலர்கள் சூழ, சவத்தைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கண்ணாடிக் கூடம் அடுத்த ஆண்டு, 1684இல் முடிந்தது. அதை முழுமையாகப் பார்க்கக் கோல்பேருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். ரஃபேல் என்ற உலகப் புகழ் பெற்ற ஓவியரின் படம் ஒன்று இருந்தது. மதிப்பு 3,000 லிவர். பக்கத்தில் வெள்ளிச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று. உயரம் 46 அங்குலம், அகலம் 26 அங்குலம். மதிப்பு 8,000 லிவருக்கு மேல்! பாரிசில் ஒரு கூலியாள் நாள் முழுதும் உழைத்தால் ஒரு லிவர்கூடக் கிடைக்காது. அந்தக் கண்ணாடியை வாங்க அவன் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடி பிரான்சில் செய்தது அல்ல. வெனிசிலிருந்து வந்தது!

அடுப்பங்கரைச் சுவருக்கு வந்தது

கோல்பேர் இறந்த ஐந்தாம் ஆண்டு, லூக்கா த நெஊ குடும்பத்தைச் சேர்ந்த லூயி என்பவர் புது முறையைக் கொண்டுவந்தார். ஊதுவதை விட்டுவிட்டு, கண்ணாடிக் குழம்பை உலோக மேஜையில் ஊற்றி, உருளையால் உருட்டினார். அதனால் ஆளுயரத்துக்கும் மேலே கண்ணாடி வந்தது. 1690களில் இந்தத் தொழில் சேன் கோபேன் என்ற கிராமத்தில் வேர் விட்டது.

அங்கே குளிர் அதிகம். ஒவ்வொரு பெரிய வீட்டின் அறையிலும் குளிர் காய ஓர் அடுப்பு சுவரிலேயே இருக்கும். அந்த அடுப்புக்கு மேல் நீளக் கண்ணாடி பதிப்பது மோஸ்தர் ஆயிற்று. எதிரே மெழுகுவத்தி ஏற்றினால், ஒன்று இரண்டாகத் தெரியும். இருட்டு அறை வெளிச்சமாகும். பிறகு, இரண்டு சன்னல்களுக்கு இடையே உள்ள சுவரிலும் வைத்தார்கள். மரச் சட்டத்தில் பூவும் கொடியும் செதுக்கி, சுண்ணப் பூச்சின் மேல் தங்க ரேக்கு ஒட்டினார்கள். கண்ணாடியின் தலைப்பில் சித்திரமும் எழுதினார்கள். மன்னருக்கு என்று இருந்தது பிரபுவிடம் வந்தது. பிரபுவிடமிருந்து வியாபாரி வீட்டுக்கு வந்தது.

1835ஆம் ஆண்டு, ஜெர்மனியில் லீபிக் என்ற விஞ்ஞானி, பாதரசம் இல்லாமல் வெள்ளி பூசும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கண்ணாடி மலிந்தது. தொழிலாளியின் கை நடுக்கமும் குறைந்தது.

கோல்பேர் தொடங்கிய தொழிற்சாலையின் வழியில் வந்த கம்பெனி, அந்தக் கிராமத்தின் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. நம் ஊரில் அதை செயின்ட் கோபெயின் என்று சொல்கிறோம். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் அதன் கண்ணாடி ஆலை ஓடுகிறது.

பழைய பிரெஞ்சுக் கண்ணாடிகளுக்கு இப்போதும் கிராக்கி உண்டு. வாங்க வருகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பார்ப்பது இல்லை. கண்ணாடியின் ஓரத்தைப் பார்ப்பார்கள். பாதரசம் பூசிய கண்ணாடி கொஞ்சம் சாம்பல் நிறமாக இருக்கும். ஓரங்களில் பொட்டுப் பொட்டாக ரசம் போயிருக்கும். நம் வீட்டில் என்றால் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவோம். அவர்களோ அந்தப் பொட்டுகளுக்காகவே பணம் கொடுக்கிறார்கள். பளிச்சென்று இருக்கட்டும் என்று யாராவது புதுக் கண்ணாடியை மாற்றிப் போட்டிருந்தால், விலை இறங்கிவிடும்.